பத்தால் வகுத்த சர்க்கரை

என் மச்சினன் பஸ் ஓட்டுகிறவன். சும்மா ஓட்டுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு மீட்டர் வண்டியை, இரண்டு பக்கமும் கார் நிறுத்தி வைத்திருக்கும் சந்துக்குள் ஊசியில் நூல் கோப்பது மாதிரி கோத்து அந்தப் பக்கம் எடுத்துவிடுவான். ஒருமுறை அவன் வண்டிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் ஒரு பூனை மாட்டிக்கொண்டது. வயிற்றை எக்கிக்கொண்டு நின்றதால் பிழைத்தது. என் கண்ணால் பார்த்தேன்.

என் மனைவி இதைப் படித்தால் பூனை என்ற சொல்லை அடித்துவிட்டு எறும்பு என்று எழுதுவாள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பழக்கம். நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுப்பார்கள். கல்யாணமான புதிதில், "எங்க ஃபாக்டரி மாவுத் தொட்டியில ஒரு யானை கால் நீட்டிப் படுக்கலாம்" என்று அவளிடம் சொல்லித் தொலைத்தேன். குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கும் நாளில் அவள் வந்து பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் தம்பியின் காதில் ஏதோ சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்தது. ஐம்பது பேர் சாப்பிட வருகிறார்கள் என்று நான் சொன்னால் ஐந்து தட்டு எடுத்து வைப்பாள். எண்ணிப் பார்த்தால் சரியாக ஐந்து பேர்தான் வந்திருப்பார்கள். அதுதான் எரிச்சல்.

அந்த ஃபாக்டரியில் முப்பத்தொரு வருஷம் கலவைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பிஸ்கட், ரொட்டி, டப்பா தயிர், பாட்டில் ஜூஸ், ஓட்ஸ் கட்டி என்று மனிதன் வாயில் போடுகிற எல்லாமே அங்கே உண்டு. ஆகவே ‘ஆரோக்கியம்’ என்று உறையில் பச்சை இலை போட்டு விற்கிற சாமான் ஒவ்வொன்றும் எனக்குப் பிறந்த குழந்தை மாதிரி. அதுகளின் யோக்கியதை பெற்றவனுக்குத் தெரியாதா?

போன வருஷம் டிப்போவில் ஓட்டுநர்களுக்கு ரத்தப் பரிசோதனை. மச்சினனுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டு புள்ளி நாலு. அந்த டிப்போவில் எட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது; முதல் தடவை என்றால் மட்டும் ஓட்டிக்கொண்டே குறைக்க அவகாசம் தருவார்கள். டிப்போ டாக்டரம்மா அதிகம் பேசாதவர். மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "ஆறு மாசம் டைம். நடுவுல மூணாம் மாசம் ஒரு டெஸ்ட். கடைசி டெஸ்ட்லயும் எட்டுக்குக் கீழ வரலைன்னா வண்டி கிடையாது. தொலைஞ்ச பொருள் ரூமுக்கு மாத்திடுவாங்க" என்றார். அவ்வளவுதான்.

தொலைந்த பொருள் அறை என்பது டிப்போவின் பின்பக்கம், டயர் அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. பயணிகள் விட்டுவிட்டுப் போன குடை, ஒற்றைச் செருப்பு, கண்ணாடி, ஒரு ஜதை பல்செட், எல்லாம் அங்கே வரும். சீட்டு எழுதி ஒட்டி அலமாரியில் வைக்க வேண்டும். அதுதான் வேலை. அங்கே இருக்கிற பெரியவரைக் குடைக்காரர் என்பார்கள். அவரும் ஒரு காலத்தில் ஓட்டுநர்தான்.

இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவனை அங்கே உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் அவனுக்கும் சீட்டு எழுதி ஒட்டி அலமாரியில் வைக்க வேண்டியதுதான். மச்சினன் பயந்துபோனான். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்று சபதம் செய்தான்.

"அக்கா, இன்னையிலேருந்து சர்க்கரை ஒரு துளி கூடக் கிடையாது. சுத்தமா மாறப் போறேன்."

"நல்லது தம்பி. நான் பார்த்துக்கறேன்" என்றாள் என் மனைவி. அவள் பார்த்துக்கொள்கிறேன் என்றாலே நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த சனிக்கிழமை அக்காளும் தம்பியும் கடைக்குப் போய் பச்சை இலை போட்ட அலமாரியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே எரிகிற பல்பு வெளிச்சம் வெளியே வர வழி கேட்டு நின்றது. பழ ஜூஸ் பாட்டில்கள், கொழுப்பு நீக்கிய பழத்தயிர், ஓட்ஸ் கட்டி, தேன், உலர்ந்த திராட்சை, பழுப்பு ரொட்டி, கீரைச் சிப்ஸ். கீரைச் சிப்ஸ் எப்படிச் செய்வோம் தெரியுமா? மாவு பிசையும்போது கீரை ஒன்று கதவைத் தட்டி, "நான் வந்துட்டேன்னு உறையில போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே வீட்டுக்குப் போய்விடும். மிச்சம் எல்லாம் எண்ணெய்.

"மாப்ள, இது என்ன ரொட்டி?" என்று கேட்டேன்.

"பழுப்பு ரொட்டி அத்தான். வெள்ளை ரொட்டி விஷம். இது முழுத் தானியம்."

"தானியமா? எங்க கூடத்துல அந்த நிறம் எதுல வந்துச்சு தெரியுமா? கருக்கின சர்க்கரைப் பாகுல. வெள்ளை ரொட்டிதான், வெயில்ல நின்னு கறுத்த மாதிரி நடிக்குது."

"அக்கா, அத்தான் ஆரம்பிச்சுட்டார்."

"அவர் சொல்றதைக் காதுல வாங்காத. சர்க்கரை போட்டு டீ குடிக்கிற மனுஷன். அவருக்கு என்ன தெரியும்?"

உண்மைதான், நான் டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிக்கிறவன். வெளிப்படையாகப் போடுகிறேன், எண்ணிப் போடுகிறேன், போட்டது தெரிந்து குடிக்கிறேன். அதனால் அந்த வீட்டில் நான்தான் குடிகாரன் மாதிரி. அவர்கள் இருவரும் தேனில் முழுகிக்கொண்டே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

"தேன் இயற்கை" என்றாள் மனைவி.

"பாம்பு விஷம் கூட இயற்கைதான். ரெண்டு ஸ்பூன் கலக்கட்டுமா?"

"வாயைக் கழுவுங்க."

தயிர் டப்பாவைக் கையில் எடுத்தேன். கொழுப்பு நீக்கியதாம். கொழுப்பை எடுத்துவிட்டால் தயிர் எப்படி இருக்கும் என்று நாங்கள் கூடத்தில் ருசி பார்த்திருக்கிறோம். ஈரச் சுவரை நக்கின மாதிரி இருக்கும். பிறகு அதை மனிதர் சாப்பிட வைக்க என்ன செய்ய வேண்டும்? சர்க்கரை மூட்டையை அவிழ்க்க வேண்டும். எடுத்த கொழுப்பைப் பற்றி உறையின் முன்பக்கம் தண்டோரா போடுவோம். போட்ட சர்க்கரையை முதுகுப் பக்கம் எறும்பு எழுத்தில் போடுவோம். எறும்பே அதைப் படிக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் வேடிக்கை. ஆனால் அன்றைக்கு நான் ஒரே ஒரு விஷயத்தை வேடிக்கை இல்லாமல் சொன்னேன். அவன் ஜூஸ் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தான். கையைப் பிடித்தேன்.

"மாப்ள, விளையாட்டில்ல. இந்த ஒரு பாட்டில்ல பதினொரு ஸ்பூன் சர்க்கரை இருக்கு."

"‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ன்னு போட்டிருக்கே அத்தான்?"

"சேர்க்க வேண்டாம்டா. பழத்துலயே இருக்கு. ஏழெட்டுப் பழத்தைப் பிழிஞ்சு, நாரைத் தூக்கிப் போட்டுட்டு, சர்க்கரைத் தண்ணியை மட்டும் பாட்டில்ல அடைச்சா அப்படித்தான் எழுதலாம். பழமா கடிச்சுத் தின்னா ரெண்டாவது பழத்துலயே வயிறு நிறைஞ்சிடும். இப்படிக் குடிச்சா ரெண்டு நிமிஷம்."

அவன் அக்காளைப் பார்த்தான். அக்காள் உதட்டைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டாள். எனக்கு அப்போது அது புரியவில்லை.

"பரவாயில்ல, குடி" என்றாள்.

உறையின் முன்பக்கத்தை மட்டுமே நம்புவதற்கு அவனுக்கு ஒரு நியாயமும் இருந்தது. "அத்தான், வண்டிக்கு முன்னாடி போர்டு இருக்கு. சனங்க அதைப் பார்த்துத்தான் ஏறுறாங்க. பின்னாடி போய் என்ன எழுதியிருக்குன்னு எவனாவது படிச்சுட்டு ஏறுவானா? போர்டுல பொய் போட்டா டிப்போவுல தோலை உரிச்சிடுவாங்க."

"அது உங்க டிப்போ. எங்க கூடத்துல மத்தியானம் வரைக்கும் ஒரு உறை, மத்தியானத்துக்கு மேல இன்னொரு உறை. மாவு ஒண்ணுதான். மிஷினை நிறுத்தக்கூட மாட்டோம், உறைச் சுருளை மட்டும் மாத்துவோம். காலையில சாதா பிஸ்கட், சாயங்காலம் ஆரோக்கிய பிஸ்கட்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான் நிஜமாக இருக்கும் என்பது அவர்கள் குடும்பத்தின் திடமான நம்பிக்கை.

மூன்று மாதம் அவன் நோன்பு இருந்த மாதிரி இருந்தான். வீட்டு விசேஷத்தில் கேக் வெட்டினால் எழுந்து வெளியே போய் நின்றான். அப்படி வெளியே நிற்கும்போது கையில் ஜூஸ் பாட்டில். வண்டியில் ஓட்ஸ் கட்டி, ஓய்வறையில் பழத்தயிர், வீட்டுக்கு வந்ததும் ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை. மாத்திரையை நேரம் தவறாமல் போட்டான். மூன்றாம் மாத டெஸ்டுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான்.

ஒன்பது புள்ளி ஒன்று.

டாக்டரம்மா பேனாவை மூடினாராம். "குறையலை, ஏறியிருக்கு. இன்னையிலேருந்து வண்டி வேண்டாம். கடைசி டெஸ்ட் வரைக்கும் பின்பக்க ரூம்ல உட்காருங்க. அப்புறம் பார்க்கலாம்."

அன்று சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"குடைக்காரர் என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைத் துடைச்சு விட்டார் அக்கா" என்றான். "‘வா தம்பி, போகப் போகப் பழகிடும்’னு சொல்றார். என் வண்டியை இன்னொரு டிரைவர், அந்த நெட்டையன், எடுத்துட்டுப் போறான். கேட் வளைவுல ரிவர்ஸ் எடுத்துத் திருப்பறான். ரிவர்ஸ்! என் வண்டியை!"

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல வேலைக்காரனை வேலையை விட்டுப் பிரிப்பதைப் பார்க்க முடியாது.

"நான்தான் சொன்னேனே மாப்ள" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், மனைவி என் மேல் பாய்ந்தாள்.

"என்ன சொன்னீங்க? ஒரு பாட்டில்ல ஒரு ஸ்பூன்தான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அதை நம்பித்தானே ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டில் குடிக்கச் சொன்னேன்!"

"பதினொரு ஸ்பூன்னு சொன்னேன்!"

"நீங்க பதினொண்ணுன்னு சொன்னா ஒண்ணுதானே! ஒண்ணே ஒண்ணு, அதுக்கு மேல ஒரு சிட்டிகை. நான் வகுத்துப் பார்த்துத்தான் குடுத்தேன்!"

கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் முதன்முறையாக நான் ஒரு விஷயத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன். அதையும் இந்தக் குடும்பம் பிடித்துப் பத்தால் வகுத்து, அந்த விடையை ஒரு ஓட்டுநரின் தொண்டையில் ஊற்றியிருக்கிறது! சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

இந்த வீட்டில் என் வாய்க்கு மதிப்பில்லை என்பது தெளிவாகிவிட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டு, சர்க்கரை டப்பா, ஒரு டீஸ்பூன், மனைவியின் படிக்கிற கண்ணாடி, எல்லாவற்றையும் மேசை மேல் வைத்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து அவன் ஒரு நாளைக்குத் தின்கிற சாமான்களை எடுத்து முதுகைக் காட்டி வரிசையாக நிறுத்தினேன். ஒரு பேப்பரில் எழுதினேன்: ‘ஒரு ஸ்பூன் நாலு கிராம்.’ பேனாவை மனைவியிடம் நீட்டினேன்.

"என்ன, மௌன விரதமா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜூஸ் பாட்டிலின் முதுகைப் படித்தாள். "நூறு மில்லிக்குப் பதினொரு கிராம். பாட்டில் நானூறு மில்லி." உதடு அசைந்தது. "நாப்பத்து நாலு. நாலால வகுத்தா..." நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"பதினொண்ணு" என்றாள், சாட்சிக் கூண்டில் நிற்கிறவள் மாதிரி.

"ரெண்டு பாட்டில் அக்கா" என்றான் மச்சினன்.

அவனே ஸ்பூனை எடுத்தான். இருபத்திரண்டு முறை டப்பாவுக்கும் தட்டுக்கும் போய் வந்தது ஸ்பூன். பத்தாவதுக்கு மேல் மெதுவாக எண்ணினான். தேன் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு: அதற்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை. ஓட்ஸ் கட்டி இரண்டு: ஆறு. கொழுப்பு நீக்கிய, மனசாட்சியும் நீக்கிய பழத்தயிர்: ஐந்து. உலர்ந்த திராட்சை: ஆறு. தட்டில் குன்று எழும்பியது. விளிம்பு வழியாகச் சரிந்து மேசையில் கொட்டியது. நாற்பத்தைந்து.

பழுப்பு ரொட்டியை இன்னும் தொடவில்லை. "இதோட முதுகையும் படிக்கணுமா?" என்று மனைவி கேட்டாள். படித்தாள். முதலில் வெள்ளை மாவு என்று இருந்தது. முழுத் தானியம் கடைசி வரிக்கு முந்தின வரியில், உப்புக்குப் பக்கத்தில் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இவ்வளவையும் நான் ஒரே நாள்ல தின்னேனா?" மச்சினன் அந்தக் குன்றைச் சுற்றி வந்து பார்த்தான். "கேக் வெட்டும்போது வெளிய போய் நின்னேனே! அந்தத் துண்டுல எவ்வளவு இருந்திருக்கும்?"

மௌனத்தைக் கலைத்தேன். "ஆறு, ஏழு."

அவள் வகுக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

அடுத்த மூன்று மாதம் அவன் என்ன தின்றான் என்று எழுதினால் இந்தக் கதையை எந்தப் பத்திரிகையும் போடாது, அவ்வளவு சப்பை. அவித்த முட்டை, வேகவைத்த பயறு, காய்கறி, முழு ஆப்பிள் ஒன்று, தண்ணீர். முதுகு இல்லாத சாமான்கள், அதாவது படிக்க ஒன்றுமே இல்லாதவை. மாத்திரை. சாயங்காலம் டிப்போவிலிருந்து வீடு வரை நடை. பகலெல்லாம் குடைகளுக்குச் சீட்டு எழுதினான். ஒரு பல்செட்டைத் தேடி வந்த ஆளிடம், "போட்டுப் பார்த்து வாங்கிக்குங்க, ரெண்டு இருக்கு" என்று சொல்லும் அளவுக்கு அந்த வேலையில் தேறிவிட்டான். அது எனக்குக் கவலையாக இருந்தது. தன் வண்டி கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டால் மட்டும் எழுதுவதை நிறுத்திவிடுவான் என்று குடைக்காரர் சொன்னார்.

கடைசி டெஸ்ட் முடிவு வந்த அன்று நானும் மனைவியும் டிப்போவுக்குப் போனோம். ஓட்டுநர் ஓய்வறை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். (எழுபது என்று எழுத விரல் துடிக்கிறது. ஏழெட்டுப் பேர்.) டாக்டரம்மா அறையிலிருந்து மச்சினன் வெளியே வந்தான். காகிதத்தைத் தலைக்கு மேல் பிடித்திருந்தான்.

"ஏழு புள்ளி ஆறு!"

ஒருவன் விசில் அடித்தான். இன்னொருவன் மச்சினன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான். என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எப்படிண்ணே குறைச்சீங்க?" என்று கேட்டான் நெட்டையன். அவன் கையில் ஒரு பழ ஜூஸ் பாட்டில் இருந்தது. பச்சை இலை போட்டது.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். இப்போது வரும். வெள்ளைத் தட்டு வரும், நாற்பத்தைந்து ஸ்பூன் வரும், அத்தான் பெயர் வரும்.

மச்சினன் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். "இதுதான். குடைக்காரர் குடுத்த பொடி. காஞ்ச இலை, இருபது வகை. மூணு வாரமா வெறும் வயித்துல குடிக்கிறேன். அடிச்சு இறக்கிடுச்சு!"

டப்பா கைமாறியது. எல்லோரும் முகர்ந்து பார்த்து முகம் சுளித்து, அதனாலேயே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். என்னிடம் வந்தபோது நானும் முகர்ந்தேன். மழையில் நனைந்த நாய், பழைய கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்த மாதிரி இருந்தது. அந்தப் பொடிக்கு ஒரே ஒரு மருத்துவ குணம்தான் இருக்க முடியும்: குடித்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு வேறு எதையும் வாயில் வைக்க மனம் வராது.

"டேய்!" என்றேன்.

மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். "விடுங்க. வண்டி கிடைச்சிடுச்சில்ல?"

"மூணு மாசம் முட்டை தின்னவன் யாரு? நாப்பத்தஞ்சு ஸ்பூனை எண்ணினவன் யாரு? மூணு வாரப் பொடியாம்!"

"எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். முட்டை தின்னேன்னு சொன்னா எவன் கேட்பான்?"

அதுவும் சரிதான். நெட்டையன் அதற்குள் ஜூஸ் பாட்டிலைத் திறந்து, பொடி எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே பாதியைக் காலி பண்ணியிருந்தான். பொடியை ஜூஸில் கலந்து குடிக்கலாமா என்று அவன் கேட்டதை என் காதால் கேட்டேன். மனித குலத்தின் மேல் எனக்கு மிச்சமிருந்த மதிப்பு அங்கேயே, டிப்போவின் எண்ணெய்த் தரையில் விழுந்து சறுக்கிப் போனது. அவன் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் திருப்பினேன்.

"தம்பி, கண்ணு நல்லா தெரியுமா? இந்தப் பக்கம் படி. சத்தமா."

அவன் படிக்க ஆரம்பித்தான். மச்சினன் அதற்கு நிற்கவில்லை. யார்டில் பயணிகளை ஏற்றிக்கொண்டு நின்ற தன் வண்டியை நோக்கி ஓடினான். படி ஏறி, ஓட்டுநர் இருக்கையில் கிடந்த நெட்டையனின் பூப்போட்ட மெத்தையைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தான். உட்கார்ந்து இருக்கையை முன்னால் இழுத்தான், பின்னால் தள்ளினான், உயரத்தை இரண்டு படி இறக்கினான். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, தலைக்கு மேல் கண்ணாடி. மறுபடி இடது. ஏறி உட்கார்ந்த பயணிகளில் ஒரு அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"டிரைவர், கிளம்பலையா?"

"பொறுங்கம்மா, பொறுங்க" என்றான் அவன், கண்ணாடியை ஒரு மயிரிழை நகர்த்திக்கொண்டே. "மூணு மாசமா எவனோ உட்கார்ந்து எல்லாத்தையும் கோணலாக்கி வெச்சிருக்கான்."